என் தலையையும் படம் எடுங்கள்

1

எனக்கு மூளையில் கட்டி இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் என் வீட்டுக்காரர் ரவி, பாடியில் இருக்கிற தன் தங்கையோடு போனில் பேசும்போது, "அவளுக்குத் தலைய ஸ்கேன் எடுக்குறாங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பேச்சு அம்பத்தூர் தாண்டுவதற்குள் கட்டியாகிவிட்டது. ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டை போய்ச் சேரும்போது ஆபரேஷனே முடிந்துவிட்டது. மூன்று பேர் அழுதுகொண்டு கூப்பிட்டார்கள். ஒருத்தி, முடியை எடுத்துவிட்டார்களா என்று கேட்டாள்.

எடுக்கவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். ஆளாளுக்குப் போனில் சொல்லி மாளாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள். சுற்றி வளைத்து எழுத வராது.

2

நாங்கள் நார்வேயில் பெர்கன் என்ற ஊரில் இருக்கிறோம். இந்த மாதத்தோடு பதினெட்டு வருஷம். ரவி ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார். நான் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கும். இங்கே வருஷம் முழுக்க மழை. மழை என்று யாரும் எதையும் நிறுத்துவதில்லை.

மகள் நிவேதா மூன்று வயதில் வந்தாள். இப்போது சட்டம் படிக்கிறாள். நாங்கள் பேசுவது பாடித் தமிழ். அவள் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்கள் இலங்கைக்காரர்கள். அங்கே படித்த பிள்ளை, வேலை முடிந்து வரும் அப்பாவைப் பார்த்து, "அப்பா, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்கும்.

"இன்னாடா இது, நம்ம ஊட்ல சிலோன் ரேடியோ பேசுது" என்பார் ரவி.

ஏதோ ஒரு தமிழ் என்று விட்டுவிட்டேன். இப்போது அதிலும் பாதிதான் மிச்சம். சண்டை வந்தால் முழுக்க நார்வே மொழிக்குப் போய்விடுவாள். எனக்குப் புரியும். அதே வேகத்தில் திருப்பிச் சொல்ல வராது. அது அவளுக்கும் தெரியும்.

நான் துடைக்கிற தளத்தில்தான் ஸ்கேன் பகுதி இருக்கிறது. ஒரு நாள் அங்கே சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு தலையின் படம். உள்ளே நீலக் கோடுகள். ஐம்பது வயது தாண்டியவர்கள், வேலையால் பல வருஷம் தூக்கம் கெட்டவர்கள், ஆராய்ச்சிக்குத் தேவை என்று போட்டிருந்தது.

படம் எடுக்கிற பெண் இங்க்ரிட். தினமும் என் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிற ஆள். அவளிடம் கேட்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பில் மற்ற இடங்களில் கழிவை வாரிக்கொண்டு போகத் தனிக் குழாய்கள் உண்டு. மூளைக்குள் அப்படிக் குழாய் கிடையாது. மூளையைச் சுற்றித் தெளிந்த நீர் இருக்கிறது. அந்த நீர் ரத்தக் குழாய்களின் ஓரமாகவே உள்ளே கசிந்து, கழிவை அலசிக்கொண்டு வெளியே போகிறது என்று நினைக்கிறார்கள். நெஞ்சு துடிக்கும்போது ஒரு தள்ளு. மூச்சு விடும்போது ஒரு தள்ளு. தூங்கும்போது அந்த அலசல் அதிகமோ என்று பார்க்கிறார்கள். எல்லா டாக்டர்களும் இதை ஒத்துக்கொள்ளவில்லையாம். அதனால்தான் படம் எடுக்கிறார்கள். மண்டையைத் திறக்காமல், ஊசி போடாமல், உயிரோடு இருக்கிறவர் தலைக்குள் நீர் நகர்வதைக் காந்த மெஷின் காட்டும்.

"தூங்காவிட்டால் கழிவு தங்கிவிடுமா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் தேடுகிறோம்" என்றாள்.

எனக்கு வனஜா நினைவு வந்தது.

3

வனஜா என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு பேரும் ஒரே பட்டறையில் பிசிறு எடுத்தோம். பம்புக்காக வார்த்த இரும்பு வரும். ஓரமெல்லாம் முள்ளாக இருக்கும். சுற்றுகிற சாணைக்கல்லில் பிடித்து அதை வழிக்க வேண்டும். ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிப்டு. மறு வாரம் மதியம் இரண்டு மணி ஷிப்டு. நான் பதினோரு வருஷம் நின்றேன். அவள் அதற்கு மேலேயும் நின்றாள்.

வீட்டில் தண்ணீர் வேலை. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் ஏறுகிற நேரம் விடியற்காலை இரண்டரை, மூன்று. அப்போது எழுந்து பம்பு அடித்தால்தான் தண்ணீர் உண்டு. வனஜாதான் எழுந்திருப்பாள்.

"நீ படு. உனுக்கு காலீல ஷிப்டு" என்பாள்.

அவளுக்கும் காலையில்தான் ஷிப்டு.

ஐம்பத்தொரு வயதில் அவளுக்கு மறதி தொடங்கியது. முதலில் சாவி. பிறகு தெரு. பிறகு பெயர்கள். இப்போது வேப்பம்பட்டில் மகன் தினேஷ் வாங்கிய பிளாட்டில் இருக்கிறாள். வீடியோவில் கூப்பிட்டால் என் முகத்தைப் பார்த்து எழுந்து நிற்கிறாள். பிசிறு எடுத்த பீஸை எண்ண வருகிற பட்டறை ஆபீஸ் அம்மா என்று நினைக்கிறாள்.

"பீஸ் முடிஞ்சிடிச்சி மேடம்" என்கிறாள்.

தினேஷிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வயசாயிடுச்சின்றாரு சித்தி."

"ஐம்பத்தொண்ணு ஒரு வயசாடா?"

"நான் இன்னா சித்தி பண்றது?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரில் இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். தங்கச்சி கப்பலேறிப் போன ஏக்கம் என்றார்கள். நாங்கள் வந்தது விமானத்தில். யாரோ செய்வினை வைத்தது என்றார்கள். யாராவது ஒருத்தர், அவள் இருபது வருஷம் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னார்களா? இல்லை. தூக்கம்தான் காரணம் என்று நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. கேட்கவே இல்லையே என்கிறேன்.

நான் பெயர் கொடுத்தேன்.

நிவேதாவுக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, அவை உங்களுக்கு ஒரு முடிவும் சொல்லமாட்டினம். வாசிச்சனீங்களோ? ஆராய்ச்சிக்கு மட்டும்தான்."

"வாசிச்சேன்."

"பிறகு என்னத்துக்கு?"

"உங்க பெரியம்மா தலைய யாரும் கேக்கல. என்னோடத கேக்குறாங்க. குடுக்குறேன்."

ரவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "உள்ள ஒண்ணுமே இல்லன்னு எய்தி குட்துட்டா இன்னா பண்ணுவ?"

"ஃபிரேம் போட்டு உன் கடையில மாட்டுய்யா."

4

கேள்விகளைப் போனில் கேட்டார்கள். மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு இலங்கை அம்மா லைனில் இருந்தார். மரியாதையான குரல்.

தூக்கம் ஏன் கெட்டது என்று ஒரு கேள்வி. பதிலுக்குக் கட்டங்கள் இருந்தன. குழந்தை, வேலை, வலி, சத்தம், மற்றவை. வேலை என்று சொல்லிவிட்டு, தண்ணீர் என்றும் சொன்னேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த நேரத்தில் நானும் எழுந்தவள்தான். அந்தப் பக்கம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

"இரவில எத்தினை தரம் சலம் போறனீங்கள் எண்டு கேக்கினம்" என்றார் அந்த அம்மா.

சலம் என்றால் அவர்களுக்கு மூத்திரம். அந்தத் தண்ணீர் இல்லை என்றேன். தெருக் குழாய், அடிபம்பு, பிளாஸ்டிக் குடம், வரிசை எல்லாம் சொன்னேன். இன்னும் நிறைய நேரம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் 'மற்றவை' என்ற கட்டத்தில் போட்டார்கள்.

பிறகு இந்தக் கேள்வி வந்தது. "கண்ணில உலோகத் துண்டு பட்டு எப்பவாவது காயம் வந்ததோ?"

"இல்லை" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

எங்கள் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கல்லில் இரும்பைப் பிடித்தால் பொறி பறக்கும். பொறி என்பது இரும்புத் தூள்தான். கண்ணில் விழாத வாரம் கிடையாது. பட்டறையில் கண்ணாடி இரண்டு இருந்தது. போட்டால் கல்லே தெரியாது, அவ்வளவு கீறல். கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம்.

தூள் விழுந்தால் டெய்சி அக்காவிடம் போக வேண்டும். கடைசிக் கல்லில் நிற்கிறவள். தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, வளையமாக மடித்து, நம் இமையைத் தூக்கி ஒரு இழுப்பு இழுப்பாள். தூள் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

"ஏய், ஆடாம குந்து. கண்ண உருட்டாத. உன் புருசன நெனச்சிக்கோ, கண்ணு தானா நின்னுடும்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலக்கா."

"அப்ப யாரையாச்சும் நெனச்சிக்கோ. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

எரிச்சல் நிற்காவிட்டால், கைக்குழந்தைக்காரி யாராவது இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விடுவாள். அவ்வளவுதான் வைத்தியம். திரும்பக் கல்லுக்குப் போய்விடுவோம். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "இன்னாமா, அடி பட்டுச்சா?" என்பார். "இல்ல சார்" என்போம். பட்டது என்றால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவார். சீட்டு எழுதினால் மறுநாள் அந்தக் கல்லில் வேறொருத்தி நிற்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் அது காயம். டெய்சி அக்காவோடு முடிந்தால் அது வெறும் தூள். எங்கள் கணக்கு அது. பதினோரு வருஷத்தில் எனக்குக் காயம் ஒன்றுகூட இல்லை.

5

படம் எடுக்கிற நாள். கவுன் மாட்டிக்கொண்டேன். உடம்பில் இருக்கிற உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள் இங்க்ரிட். வளையல், தோடு, மெட்டி, தாலிச் செயின். செயினில் ஊக்குகள் கோத்திருந்தன. ஐந்து. நம் பக்கத்துப் பொம்பளைகள் ஊக்கு இல்லாமல் எங்கே போகிறோம்? ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் போட்டேன். இங்க்ரிட் எண்ணிக்கொண்டே சிரித்தாள்.

"இன்னும் இருக்கிறதா? நீ இரும்புக் கடையே வைத்திருக்கிறாய்."

எனக்கும் சிரிப்பு. என் உடைந்த நார்வே மொழியில் பெருமையாகச் சொன்னேன். "இது என்ன இரும்பு? இதைவிட அதிகமாக என் கண்ணுக்குள் போயிருக்கிறது."

அவள் சிரிப்பு நின்றது. "என்ன சொன்னாய்?"

சொன்னேன். கல், தூள், டெய்சி அக்கா. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. எழுந்து போய் மெஷின் அறையின் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நின்றாள்.

உள்ளே இருப்பது சாதாரணக் காந்தம் இல்லை என்றாள். கண்ணுக்குள் கடுகில் பாதி அளவு இரும்பு தங்கியிருந்தாலும் காந்தம் அதை நகர்த்தும். நகர்ந்தால் கண்ணைக் கிழிக்கும். பார்வை போகும்.

இன்றைக்குப் படம் கிடையாது என்றாள். கவுனைக் கழற்றினேன். பிறகு ஊக்குகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, பாதுகாப்புக் காரணத்தால் உங்களைச் சேர்க்க இயலாது. நிவேதா இரண்டு தடவை படித்தாள்.

"அம்மா, நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"பொய் சொல்லல."

"இல்லையெண்டு சொன்னனீங்கள்தானே?"

"பட்டறையில அதுக்கு இல்லன்னுதான் சொல்லுவோம்."

நார்வே மொழிக்குப் போய்விட்டாள். பொய்த் தகவல், பொறுப்பு, ஒப்புதல் என்று என்னென்னவோ. நான் பாத்திரம் துலக்கினேன். கடைசியில் குரல் இறங்கி, "கண் போயிருக்கும் அம்மா" என்று மட்டும் தமிழில் சொன்னாள்.

ரவி அவர் வழியில் சொன்னார். "வுட்டுத் தள்ளு. அவங்க வோணாம்ன்ட்டாங்க. நீ இன்னாத்துக்குத் தொங்கிகினு கீற?"

தப்பு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை நான் கிழித்துப் போடவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டே மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் நிவேதாவிடம், நான் சொல்வதை அந்த மொழியில் எழுதிக் கொடு என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரவாயில்லை என்று நான் பாட்டுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது நல்ல கேள்வி" என்று பேனாவை எடுத்தாள்.

6

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரின் அறையும் நான் துடைக்கிற அறைதான். காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். பக்கெட்டை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனேன். காகிதத்தைப் பார்த்துப் படித்தேன்.

"உங்களுக்குத் தூக்கம் கெட்டவர்களின் தலை வேண்டும். தூக்கம் கெட்டு ஷிப்டு பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இரும்போடு வேலை செய்கிறவர்கள். இரும்போடு வேலை செய்கிறவர்கள் கண்ணில் இரும்பு விழும். கண்ணில் இரும்பு விழுந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பினால், உங்களிடம் மிஞ்சுவது யாருடைய தலை?"

அவர் காகிதத்தைக் கேட்டார். கொடுத்தேன். அவரே ஒரு தடவை படித்தார்.

"முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க முடியும்" என்றார். "ஆனால் அது கதிர். ஆராய்ச்சிக்காக ஒருவருக்குக் கதிர் கொடுக்க வேண்டுமென்றால் கமிட்டி அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். வேறு ஆளை எடுப்பது எளிது."

"எது எளிது என்று நான் கேட்கவில்லை" என்றேன். இது காகிதத்தில் இல்லாதது. "இந்தக் காரணத்துக்காக எத்தனை பேரை அனுப்பினீர்கள்?"

கம்ப்யூட்டரைப் பார்த்து விரலை மடக்கி எண்ணினார். ஒரு கை போதவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"காத்திருப்பீர்களா?"

"நான் எங்கே போகப் போகிறேன்? உங்கள் அறையை நாளைக்கும் நான்தான் துடைக்க வேண்டும்."

மாதக்கணக்குதான் ஆனது. இலையெல்லாம் கொட்டி, திரும்ப முளைத்தது. நான் அவரிடம் கேட்கவில்லை. காலையில் அவர் மேஜைக்குக் கீழே துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் துடைத்தேன். ஒரு நாள் அவரே காலைத் தூக்கிக்கொண்டு, "அனுமதி வந்துவிட்டது" என்றார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே பார், கீழே பார் என்றார்கள். இரண்டு கண்ணிலும் ஒன்றும் இல்லை. ஒரு தூள்கூட இல்லை. இங்க்ரிட் டெய்சி அக்காவை மறந்துவிட்டாள் போல; அந்தத் தாளை வைத்துக்கொண்டு, "உங்கள் ஊர்க் கண் டாக்டர் கெட்டிக்காரர்" என்றாள்.

"டாக்டர் இல்லை. கடைசிக் கல்லில் நின்ற பொம்பளை" என்றேன்.

பிறகுதான் அந்தப் படம். குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். சத்தம் பயங்கரமாக இருக்கும், பலர் பயந்துவிடுவார்கள் என்றார்கள். படபடவென்று இடித்தது, பிறகு இழுத்துப் பிடித்து ஊளையிட்டது. எனக்கு அது பட்டறைச் சத்தம். முடிந்தால் தூங்குங்கள் என்று காதில் குரல் வந்தது. தூங்கினேன். நெடுநாள் கழித்து நல்ல தூக்கம்.

வெளியே வந்ததும் இங்க்ரிட் திரையில் ஒரே ஒரு படம் காட்டினாள். சாம்பல் நிறம். நடுவில் வெள்ளையாக நீர். என் நெஞ்சு துடித்த கணக்குக்கு அது தள்ளித் தள்ளி நகர்ந்தது. நிற்கவில்லை.

"அழுக்கு இருக்கிறதா?"

"நான் அதைச் சொல்லக் கூடாது."

"சரி" என்றேன். அந்தப் பேச்சு முன்பே பேசியதுதான். எனக்கு ஒரு எண் கொடுத்தார்கள். கணக்கில் என் பெயர் இருக்காது, அந்த எண்தான் இருக்கும். இருக்கட்டும். பிறகு யாராவது உட்கார்ந்து, மனுஷன் தலை இப்படி இருக்கும் என்று எழுதும்போது அம்பத்தூரில் பிசிறு எடுத்த தலை ஒன்றும் அதில் இருக்கும்.

வனஜாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க மேடம்" என்றாள்.

7

அவர்கள் கேள்வித் தாளை மாற்றிவிட்டார்கள். காயம் வந்ததா என்று இப்போது கேட்பதில்லை. சாணை, லேத், வெல்டிங் வேலை பார்த்தது உண்டா, கண்ணில் தூள் விழுந்தது உண்டா, உடனே எடுத்திருந்தாலும் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள்.

கேள்வியை மாற்றினால் வாய் மாறிவிடுமா?

போன செவ்வாய்க்கிழமை ஸ்கேன் பகுதியின் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். போலந்துக்காரன். அறுபது வயது இருக்கும். கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். மடியில் கேள்வித் தாள். இங்க்ரிட் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தக் கேள்வி வந்தது.

"இல்லை" என்றான். கேள்வி முடிவதற்குள் சொன்னான். பேனாவால் கோடும் போட்டுவிட்டான்.

அந்த 'இல்லை' எனக்குத் தெரியும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். அது என் வேலை இல்லை. போனேன்.

"எத்தனை வருஷம் வெல்டிங்?" என்று கேட்டேன்.

என் சீருடையைப் பார்த்தான். "முப்பது."

"முப்பது வருஷத்தில் கண்ணில் ஒன்றுமே விழவில்லை?"

இங்க்ரிட்டைப் பார்த்தான். சூப்பர்வைசரைப் பார்க்கிற பார்வை. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "விழும். ஆனால் எடுத்துவிடுவோம். வேலை நிற்காது."

"எதால் எடுப்பீர்கள்?"

"தீக்குச்சி. நுனியைச் செதுக்கி."

"நாங்கள் முடியால்" என்றேன்.

முதல் தடவையாகச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"உண்டு என்று போடு. உன்னை வெளியே அனுப்ப மாட்டார்கள். முதலில் கண்ணுக்கு ஒரு படம். அது சரியாக இருந்தால் தலைக்கு. இங்கே சீட்டு எழுதினால் உன் இடம் போகாது. போக விடமாட்டேன்."

பேனாவைத் திரும்ப எடுத்தான். பிறகு போட்ட கோட்டை அடித்தான். பக்கத்துக் கட்டத்தில் புதுக் கோடு போட்டான். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டான்.